கிட்ஹப்பைக் காலி பண்ணுவது

‘ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் கிட்ஹப்லதான் இருக்காங்க. கோட்பெர்குக்குப் போனா யார் வருவா?’ தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றிப் பேச்செடுத்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். சரி, இப்போது வருகிறவர்கள் யார்? 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் திட்டத்தின் ரீட்மீ கோப்பில் பெயரைச் சேர்க்கச் சொல்லிப் புல் ரெக்வெஸ்ட்கள் குவிந்தன. யூடியூப் பாடம் ஒன்றைப் பார்த்துச் செய்தது, பெரும்பாலும் நம் நாட்டு மாணவர்கள். அவர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது? வண்டலூர் பக்கம் படித்துவிட்டு வேலை தேடும் பையனிடம் பச்சைக் கட்டம் எங்கே என்று கேட்பது கம்பெனிகள்தான். அதற்காக அந்தக் கூட்டத்தை நம் பலமாகக் கணக்கில் எழுத முடியாது.

தாம்பரத்தில் வாடகை வீடு மாறியவர்களுக்குத் தெரியும். சாமான் ஒரு டாடா ஏஸில் ஏறிவிடும். கேஸ் கனெக்‌ஷன், ஆதார் முகவரி, ஸ்கூல் வேன்தான் மாதக்கணக்கில் இழுக்கும். கோடும் அப்படித்தான், ஒரு கிட் க்ளோனில் வந்துவிடும். இஷ்யூக்களும் விவாதங்களும் வராது. பைதான் தன் கோடை கிட்ஹப்புக்கு மாற்றியது 2017இல். இஷ்யூக்கள் வந்து சேர்ந்தது 2022இல். 2025 நவம்பரில் கோட்பெர்குக்குக் கிளம்பிய ஸிக் மொழியும் பழைய இஷ்யூக்களை கிட்ஹப்பிலேயே விட்டுவிட்டுத்தான் போனது.

நம் கதையைப் பாருங்கள். ஓப்பன்-தமிழ் அங்கே இருக்கிறது. இனி என்ன மென்பொருள் செய்யலாம் என்ற யோசனைகளைக்கூடக் கணியம் அறக்கட்டளை அங்கேதான் இஷ்யூக்களாக எழுதி வைத்திருக்கிறது. இதெல்லாம் மைக்ரோசாஃப்ட்டின் வீடு, 2018இலிருந்து. 2019இல் அமெரிக்கத் தடைச் சட்டத்தைக் காட்டி ஈரான்காரர்களின் பிரைவேட் களஞ்சியங்களைப் பூட்டினார்கள். நமக்கு அப்படி நடக்காது என்கிறீர்களா? இருக்கலாம். ஆனால் தொண்ணூறுகளின் கடைசியில் பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் என்று கிடந்து, கன்வெர்ட்டர் எழுதியே காலத்தைக் கழித்த கூட்டம் நாம். அடுத்தவன் பெட்டிக்குள் தமிழை வைத்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

கோட்பெர்கை நடத்துவது பெர்லினில் பதிவான ஒரு சங்கம். அதில் ஓடும் ஃபோர்ஜெயோ, கிட்ஹப் இஷ்யூக்களையும் சேர்த்தே இறக்கிக்கொள்ளும். புதுசா வர்ற பசங்க வழி தப்பாமலிருக்க கிட்ஹப்பில் ஒரு மிரர் இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. பைதான் அளவுக்கு நம்மிடம் மூட்டை இல்லை, அதுவே இப்போது வசதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சின்னத் திட்டம் ஒன்றை இறக்கிப் பாருங்கள். கமெண்ட் எழுதியவர்களின் பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.