இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

வல்லார்பாடத்தில் சரக்குப் பெட்டிகளின் எண்களை நாள்தோறும் காணும் நமக்கும் 6746328388800 சற்று மலைப்பையே தரும். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் கணக்கெழுத்தராய் அமர்ந்த இராமானுஜன், 1915-இல் இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் தந்த பட்டியலின் இறுதி எண் இது.

தன்னினும் சிறிய எந்த எண்ணையும்விட மிகுதியான வகுத்திகளை உடைய எண்களை அவர் தொகுத்தார். 12 அத்தகையது; 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறும் அதனை மீதியின்றி வகுக்கும். அதற்குக் கீழ்ப்பட்ட எதற்கும் ஆறு வகுத்திகள் இல்லை.

நம் பேரெண்ணுக்கோ 10080 வகுத்திகள்! ஒவ்வொன்றாய் எண்ண வேண்டுவதில்லை. ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பின்னர் 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று; இவற்றின் பெருக்கமே அவ்வெண். ஒரு வகுத்தியில் 2 என்பது ஒருமுறையும் வாராதிருக்கலாம். ஆறு முறை வரையிலும் வரலாம். ஆக ஏழு வழிகள். இவ்வாறே 3-க்கு ஐந்து, 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, எஞ்சிய ஐந்துக்கும் இவ்விரண்டு. எல்லாவற்றையும் பெருக்கிப் பாருங்கள், 10080 வரும். பள்ளிப் பிள்ளைகளும் செய்யலாம்.

கணிப்பொறி இல்லாத காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட எண்களைத் தொகுத்தவர் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்: 293318625600. அதற்கு 5040 வகுத்திகள். விந்தை என்னவெனில், அவருடைய இறுதி எண்ணை 23-ஆல் வகுத்தால் கிடைப்பது அதுவே.