விரல் நுனி சொல்லும் சாட்சி

தோல் தடித்து இறுகும் ஸ்கிளீரோடெர்மா நோய் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை மூன்று தீர்ப்புகளை எழுதியிருக்கிறது. தடித்த தோல் நெரிப்பதால்தான் ரத்தக் குழாய்கள் அழிகின்றன. வளர்ச்சிக் காரணி போதாததால்தான் அவை மீண்டும் முளைப்பதில்லை. இதில் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைத் தேடுவது வெட்டி வேலை. மூன்றுமே தவறு. நோயாளிகளைத் தவறான இடத்தில் நிறுத்தும் தவறு.

முதல் தீர்ப்பைக் கால வரிசையே உடைக்கிறது. குளிர் பட்டதும் விரல்கள் வெளுத்து நீலம் பாரிக்கும் ரேனாட் கோளாறு, பலருக்குத் தோல் தடிப்பதற்கு ஆண்டுக்கணக்கில் முன்பே வந்துவிடுகிறது. நகக்கண்ணை உருப்பெருக்கியில் பார்த்தால் பெருத்த நுண்குழாய்களும் ரத்தக் கசிவும், பிறகு குழாயே இல்லாத திட்டுகளும் தெரியும். 2013-இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதவியல் அமைப்புகள் வகுத்த விதிகள் இவ்விரண்டுக்கும் தனி மதிப்பெண் தந்தன. தடிக்காத தோல் எதை நெரித்தது?

இரண்டாவது தீர்ப்பு அதைவிட மோசம். குழாய் முளைக்கத் தூண்டும் வி.ஈ.ஜி.எஃப். புரதம் இந்த நோயாளிகளின் தோலிலும் ரத்தத்திலும் குறைவாக இல்லை, கூடுதலாகவே இருக்கிறது. அதில் வளர்ச்சியைத் தடுக்கும் மாற்று வடிவம் மிகுந்திருப்பதும் பதிவாகியிருக்கிறது. ஆணை வருகிறது, செல் அதன்படி நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதுதான் கேள்வி. கட்டுரையாளர் அந்தக் கேள்வியின் பக்கமே போகவில்லை.

அங்கேதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. வருகிறது. சுமார் 22 எழுத்து நீளமுள்ள இந்தத் துணுக்குகள், எந்தப் புரதம் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதை அடக்கி ஆள்பவை. 1993-இல் ஒரு புழுவில் கண்டறியப்பட்டவை; 2024-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்தவை. குழாயின் உள்சுவர்ச் செல்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ.-126 மிகுதி. வி.ஈ.ஜி.எஃப். ஆணைக்குத் தடை போடும் ஸ்ப்ரெட்-1 புரதத்தை அது அடக்குகிறது. 2008-இல் இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வை நீக்கிய எலிகளில் குழாய்கள் கசிந்தன. பல எலிகள் கருவிலேயே மடிந்தன. அது எந்த மரபணுவுக்குள் அமர்ந்திருக்கிறதோ, அந்த ஈ.ஜி.எஃப்.எல்.-7 ஸ்கிளீரோடெர்மா நோயாளிகளிடம் குறைந்திருக்கிறது. தோலைத் தடிக்கச் செய்யும் கொலாஜனை மட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்.என்.ஏ.-29 அவர்களின் தோல் செல்களில் குறைந்திருப்பது 2010-இல் வெளியானது. இத்தனையும் வெட்டி வேலையா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எது காரணம், எது விளைவு என்பது இன்னும் முழுதாகப் பிரிந்துவிடவில்லை. ஆனால் விடை முழுதாகக் கிடைக்காத கேள்வி வேறு, கேட்கவே கூடாத கேள்வி வேறு. இந்நோய்க்குத் தரப்படும் போசென்டான் மருந்து புதிய விரல்புண்கள் வருவதைக் குறைக்கிறது. வந்த புண்ணை அது ஆற்றுவதில்லை. புண் ஆற ரத்தம் வேண்டும், ரத்தம் வரக் குழாய் முளைக்க வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். குளிரில் விரல் வெளுத்தால், 'தோல் நன்றாகத்தானே இருக்கிறது' என்று இருந்துவிடாதீர்கள். வாதநோய் மருத்துவரிடம் நகக்கண்ணைக் காட்டுங்கள்.