தொப்பூர் இறக்கத்தில் வந்த நம்பர்



நம்ம சைக்கிள் ஸ்டாண்டில் இப்போது ஒரே பேச்சுதான். "எங்க அண்ணன் வண்டி தொப்பூர் ரோட்ல 150 தொட்டுச்சுடா!" என்று ஒருத்தன் சொன்னால், அடுத்தவன் 160 என்பான். நானும் பைக் பைத்தியம்தான். அதனால் வேகமே கூடாது என்று எழுத வரவில்லை. அந்த நம்பரே பொய் என்றுதான் சொல்ல வருகிறேன்.

முதலில் மீட்டர். அது நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. அதனால் கம்பெனிக்காரர்களே கொஞ்சம் கூட்டித்தான் வைக்கிறார்கள். மீட்டரில் 150 என்றால் நிஜத்தில் அவ்வளவு இருக்காது.

அடுத்து இறக்கம். தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் சரிவுதானே? உலக சாதனைக்கு ஓட்டுகிறவர்கள் ஒரே தடத்தில் எதிரெதிர் திசையில் இரண்டு தடவை ஓட்டி, சராசரிதான் எடுக்கிறார்கள். காற்றும் சரிவும் தரும் லாபம் அதில் கழிந்துவிடும். நம்ம அண்ணன்கள் ஏற்றத்தில் ஓட்டிய நம்பரை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

இன்னொன்று. வேகம் இரண்டு மடங்கானால், காற்றைக் கிழிக்க மட்டும் எட்டு மடங்கு திறன் வேண்டும். அதனால் கடைசிப் பத்து கிலோமீட்டர் வேகம் ஏறத்தான் ரொம்ப நீளமான ரோடு தேவை. நேரான, ஆளில்லாத அப்படி ஒரு ரோடு நம்ம மாவட்டத்தில் எங்கே இருக்கிறது? பாலக்கோடு தக்காளி வண்டி வரும். கரும்பு டிராக்டர் பின்னால் லைட்டே இல்லாமல் போகும். 150-ல் ஒரு நொடிக்கு 42 மீட்டர் போகிறோம். நம்ம கபடிக் களம் 13 மீட்டர். டிராக்டரைப் பார்த்து பிரேக்கில் கை வைப்பதற்குள் மூணு களம் தாண்டியிருக்கும்!

2023 மே மாதம் யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் அகஸ்தய் சௌகான் என்ற யூடியூபர், கவாசாகி நிஞ்ஜாவில் 300-ஐத் தொடப் போய் டிவைடரில் மோதி இறந்தார். அது நல்ல அகலமான ரோடு. நம்ம தொப்பூரில் 2024 ஜனவரியில் லாரி மோதி நாலு பேர் இறந்தார்கள். அதே இடத்தில்தான் இவர்களுக்கு டெஸ்ட்!

சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள். ரோட்டில் வேகச் சோதனை செய்வதே குற்றம். 2019 திருத்தப்படி மூணு மாதம் வரை சிறை, அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே. 18 வயது ஆகாதவன் ஓட்டி மாட்டினால் அப்பாவுக்கு 25,000 ரூபாய் அபராதம், ஜெயிலும் உண்டு. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தக்காளி விலை கிலோ ரெண்டு ரூபாய்க்கு இறங்கும் ஊரில் 25,000 என்றால் என்ன என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

"ரேஸ் தடத்தில் மட்டும் சாவதில்லையா?" என்று ஒரு நண்பன் கேட்டான். உண்மைதான். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை தடத்தில் 2023 ஆகஸ்டில் 13 வயது பெங்களூரு பையன் இறந்தான். ஆனால் அங்கே எதிரில் பஸ் வராது, மாடு வராது, பாட்டி ரோடு கடக்க மாட்டாள். கொடி காட்ட ஆள் உண்டு, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும்.

அப்பாச்சி ஆர்ஆர் 310 தயாராவது பக்கத்து ஓசூரில். அதன் வேகத்தை அளப்பதற்கென்றே படித்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆசிரியர்களே, வருஷா வருஷம் ஒகேனக்கல்லுக்கே சுற்றுலா போகிறோம். இந்த வருஷம் ஓசூருக்குக் கூட்டிப் போங்களேன்! பரிசல், மீன் வறுவல் எல்லாம் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

– பதினோராம் வகுப்பு, அறிவியல் பிரிவு