எதையும் ஒட்டும் என்று சொல்லி விற்கலாமா?

நம் கடைகளில் கல்லாவுக்கு மேலே அட்டையில் தொங்கும் சிறு பசை டியூப் நல்ல சரக்கு. இடம் அடைக்காது, உடனே காசாகும். ஆனால் "எதை வேண்டுமானாலும் ஒட்டும், எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிக் கொடுக்கும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இந்தப் பசைக்கு வருபவர்களில் பழைய கார் வைத்திருப்பவர்களும் உண்டு. அம்பாசிடர், மாருதி 800 இரண்டின் உற்பத்தியும் 2014-ல் நின்றுவிட்டது. பிளாஸ்டிக் பாகம் விரிந்தால் புதிது கிடைப்பது சிரமம். ஒட்டித்தான் ஓட்ட வேண்டும். எங்களிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரர் ஒருவரின் நெடுநாள் வாடிக்கையாளர், அவர் பேச்சை நம்பி அம்பாசிடரின் பின்விளக்குச் சிவப்பு மூடியை ஒட்டினார். ஒட்டிய இடத்தைச் சுற்றிலும் வெள்ளை பூத்துவிட்டது. சில நாளில், ஒரு வேகத்தடையில் விரிசல் பழையபடி திறந்துகொண்டது. அவர் சண்டைக்கு வரவில்லை. மாத மளிகைச் சீட்டை அடுத்த தெருக் கடையில் கொடுத்துவிட்டார்.

இந்த உடனடிப் பசை காற்றின் ஈரத்தால் இறுகுவது. இறுகியபின் விறைப்பாகிவிடும், அதிர்வைத் தாங்காது. வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு சூட்டுக்கும் அது சரிவராது. (பருத்தித் துணியில் கொட்டினால் சுடும். கடைப் பையன்களுக்குச் சொல்லி வையுங்கள்.) காருக்கு ஏற்றது இரண்டு டியூப் கலக்கும் எபாக்ஸி. விரிசலின் முனையில் சிறு துளை போட்டால் அது மேலே ஓடாது. பின்புறத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, கண்ணாடி இழைத் துணி வைத்துப் பூசி, ஓர் இரவு அசைக்காமல் விட வேண்டும்.

பாலிபுரொப்பிலீன், பாலிஎத்திலீன் இரண்டிலும் சாதாரணப் பசை எதுவும் நிற்காது. பேட்டரிப் பெட்டி பெரும்பாலும் இந்த வகைதான். உடைந்த சில்லை வாளித் தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும். மிதந்தால் பசை விற்காதீர்கள். பிரேக் ஆயில் டப்பா, ரேடியேட்டர் விசிறி என்று கேட்டு வந்தால், எந்தப் பிளாஸ்டிக்காக இருந்தாலும், மாற்றச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். அந்தச் சில ரூபாய் நமக்கு வேண்டாம்.

எபாக்ஸி விலை கூட, நகர்வது மெதுவு என்பார்கள். உண்மைதான். அரை டஜன் எடுத்து, நாலு உப்புத்தாளோடு அதே அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று மாதத்தில் விற்காததை எங்கள் கடையில் எடுக்கிறவர்களிடமிருந்து நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம்.