பழைய பெட்டியில் புதிய நாதம்



சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, நம் பங்கைச் சேர்ந்த தையற்காரர் ஒருவர் நம்மைக் காண வந்தார். வந்து அமர்ந்தவர் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. பிறகு, "சாமி, மகன் என்னோடு பேசிப் பதினைந்து நாளாகிறது" என்றார்.

விவரம் கேட்டோம். மகன் நம் பாடகர் குழுவில் கிதார் வாசிப்பவன். அவனிடம் இருப்பது 10 வாட் திறனும் 6 அங்குல ஸ்பீக்கரும் கொண்ட சிறிய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர். யாரோ பயன்படுத்திக் கழித்ததை 3,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தான். அதன் ஓசை தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்கியது போல இருக்கிறதென்றும், 28,000 ரூபாயில் புதியது ஒன்று வேண்டுமென்றும் பிடிவாதம் செய்தான். தந்தையின் கையிலிருந்த பணமோ மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென ஒதுக்கி வைத்தது.

மகனைக் குற்றம் கூற நமக்கு மனம் வரவில்லை. அந்தப் பெட்டியின் ஓசையை ஞாயிறுதோறும் நாமும் கேட்டவர்தானே! தந்தை பக்கமும் நியாயம் இருந்தது. குருமட நாட்களிலேயே வானொலிப் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டும் பழக்கம் நமக்கு உண்டு. ஆதலால், "நாளை மாலை அந்தப் பெட்டியோடு அவனை வரச் சொல்லுங்கள்" என்று கூறி அனுப்பினோம்.

மறுநாள் பெட்டியைத் தொடுமுன் கிதாரைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். கம்பிகள் துருவேறிக் கறுத்திருந்தன. இறந்துபோன கம்பியின் ஓசையை எந்த ஆம்ப்ளிஃபயரும் உயிர்ப்பிக்க இயலாது. உள்ளதைத்தான் அது பெரிதாக்கும். அடுத்து இணைப்புக் கேபிள். தேவைக்கு மேல் நீண்டு, இரண்டு இடங்களில் ஒட்டுப் போட்டிருந்தது. கேபிள் நீள நீள அதன் மின்தேக்குத் திறன் கூடி, ஓசையின் மேல் சுரங்களைத் தின்றுவிடும். புதிய கம்பிகளும் பத்தடிக் கேபிளும் 900 ரூபாயில் முடிந்தன. பாதி மந்தம் அன்றே நீங்கிற்று.

பிறகு பெட்டி இருந்த இடத்தைக் கவனித்தோம். கோவிலின் மூலையில், தரையோடு தரையாக வைத்திருந்தான். மூலையும் தரையும் தாழ்ந்த சுரங்களை மிகைப்படுத்தி ஓசையைக் குழப்பும். வாசிப்பவனின் காதும் ஸ்பீக்கருக்கு மேலே இருப்பதால், தெளிவான ஓசை அவன் முழங்காலோடு போய்விடும். ஒரு நாற்காலியின் மேல் சற்றே சாய்த்து வைக்கச் சொன்னோம். இதற்குச் செலவே இல்லை.

மூன்றாவதாக, பெட்டி கடகடத்தது. கைப்பிடியின் திருகு, பின்பலகை, ஸ்பீக்கரைத் தாங்கும் ஆணிகள் யாவும் தளர்ந்திருந்தன. அவற்றை இறுக்கி, பின்பலகை பொருந்தும் விளிம்பில் மெல்லிய கம்பளித் துணியை ஒட்டினோம். கடகடப்பு ஓய்ந்தது.

இனி எஞ்சியது முக்கியமான ஒன்று: ஸ்பீக்கர். மலிவான ஆம்ப்ளிஃபயர்களில் செய்வோர் பெரும்பாலும் சிக்கனம் பிடிப்பது ஸ்பீக்கரிலும் பெட்டியிலும்தான். இங்கே ஒரு கணக்கை வாசகர்கள் அறிதல் நலம். ஒரு வாட் மின்திறன் கொடுத்து, ஒரு மீட்டர் தொலைவில் எவ்வளவு ஓசை கிடைக்கிறது என்பதை டெசிபெல் அளவில் குறிப்பர். 3 டெசிபெல் கூடினால் ஆம்ப்ளிஃபயரின் திறனை இரட்டித்ததற்குச் சமம். 90 டெசிபெல் தரும் ஸ்பீக்கரை நீக்கி 96 டெசிபெல் தருவதை வைத்தால், 10 வாட் பெட்டி 40 வாட் பெட்டியின் உரத்தோடு ஒலிக்கும். மின்சுற்றில் ஒரு கம்பியையும் மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் வீட்டில் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் இதற்கு உதவாது. கிதாரின் தாழ்ந்த கம்பி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. கிதாருக்கென்று செய்த ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் விரைந்து அடங்கிவிடும். அந்த அடக்கமே ஆம்ப்ளிஃபயரின் கரகரப்பை நீக்கி ஓசைக்கு இனிமை சேர்க்கிறது. எல்லாவற்றையும் ஒளிவின்றி ஒலிக்கும் ஸ்பீக்கரில் அந்தக் கரகரப்பு காதைக் கிழிக்கும்.

"ஸ்பீக்கரை மாற்றினால் இவ்வளவு வேறுபாடு வருமா, ஃபாதர்?" என்று பையன் ஐயத்தோடு கேட்டான். அவனுக்கு ஒரு வரலாறு சொன்னோம். 1962ஆம் ஆண்டு லண்டனின் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷலும் அவருடைய துணைவர்களும் ஓர் ஆம்ப்ளிஃபயர் உருவாக்கினர். அமெரிக்காவில் லியோ ஃபெண்டரின் நிறுவனம் செய்த 'பாஸ்மேன்' என்பதன் மின்சுற்றையே ஏறத்தாழ அப்படியே பின்பற்றினர். ஆயினும் பாஸ்மேன் பின்புறம் திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்டது. மார்ஷல் குழுவினரோ மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்களை வைத்தனர். வால்வுகளும் டிரான்ஸ்பார்மர்களும் இங்கிலாந்தில் கிடைத்தவை. மின்சுற்று ஒன்றாக இருந்தும், பிறந்த ஓசை வேறு. உலகெங்கும் மேடைகளில் ஒலித்த மார்ஷல் நாதம் அவ்வாறு தோன்றியதே.

பையன் நகரத்தில் தேடி, வாசிப்பதை விட்டுவிட்ட ஒருவரிடம் பயன்படுத்திய 12 அங்குல கிதார் ஸ்பீக்கர் ஒன்றை 2,500 ரூபாய்க்கு வாங்கி வந்தான். வாங்குமுன் இரண்டு செய்திகளைப் பார்க்கச் சொல்லியிருந்தோம். முதலாவது, ஓம் அளவு. அவனுடைய ஆம்ப்ளிஃபயர் 8 ஓம் கேட்பது. 4 ஓம் ஸ்பீக்கரைப் பூட்டினால் டிரான்சிஸ்டர்கள் மிகைச் சூட்டில் கருகக்கூடும். இரண்டாவது, தாங்கும் திறன். ஆம்ப்ளிஃபயர் தரும் வாட்டைக் காட்டிலும் அது கூடுதலாகவே இருக்க வேண்டும்.

சிறு பெட்டிக்குள் 12 அங்குலம் அடங்காது. நம் தச்சர் முக்கால் அங்குலப் பிளைவுட்டில், முன்பலகையில் ஏறத்தாழ 11 அங்குல வட்டத் துளையிட்டு, பின்புறம் பாதி திறந்த தனிப்பெட்டி செய்து தந்தார். பலகையும் கூலியும் 1,200 ரூபாய். ஸ்பீக்கர் இணைப்பை வானொலி பழுது பார்ப்பவர் மாற்றித் தந்தார்.

அந்த வேலையை ஏன் பிறரிடம் கொடுத்தோம் என்பதைப் பெற்றோர் கருத்தில் கொள்ள வேண்டும். இந்நாளில் படக்காட்சிகளைப் பார்த்துப் பிள்ளைகள் தாமே பெட்டிகளைத் திறக்கின்றனர். வால்வு ஆம்ப்ளிஃபயராயின் உள்ளே 300 வோல்ட்டும் அதற்கு மேலும் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டன்சர்களில் அந்த மின்சாரம் தங்கியிருந்து உயிரை வாங்கக்கூடும்.

இன்னொன்றும் கண்டோம். இரைச்சல் குறைகிறதென்று பையன் மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை வெட்டியிருந்தான்! நமக்கு நெஞ்சு திடுக்கிட்டது. 1972ஆம் ஆண்டு மே மாதம் வேல்ஸின் சுவான்சி நகரில், லெஸ் ஹார்வி என்னும் கிதார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிர் நீத்தார். ஒரு கை கம்பியில், உதடு மைக்கில் என்றிருக்கும் பாடகனுக்கு எர்த் முனையே காவல். அன்றே புதிய பிளக் பூட்டினோம். இரைச்சலுக்குக் காரணம் கிதாரின் உள்ளே விட்டுப்போன ஒரு பற்றவைப்பு என்பதும் பின்னர் தெரிந்தது.

எஞ்சியது முன்புறத் துணி. "எந்தத் துணியும் ஆகாது, வாயருகே பிடித்து ஊதினால் மூச்சு தடையின்றிப் போக வேண்டும்" என்றோம். மறுநாள் தந்தையே கடையிலிருந்து நான்கைந்து துணிகளோடு வந்தார். தந்தையும் மகனும் ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தனர். பெட்டிக்கு உறையும் அவரே தைத்தார். பதினைந்து நாள் மௌனம் அங்கே எப்பொழுது கலைந்தது என்பதை நாம் கவனிக்கவில்லை.

மொத்தச் செலவு 4,600 ரூபாய். பெட்டியின் விலையைவிடச் செலவு மிகுந்ததே என்பீர்கள். உண்மைதான். ஆனால் ஸ்பீக்கரும் அதன் பெட்டியும் நாளை வேறு ஆம்ப்ளிஃபயர் வாங்கினாலும் உடன் வரும். மின்சுற்றில் செலவழித்திருந்தால் பழைய பெட்டியோடு அது முடிந்திருக்கும். இதற்கும் எல்லை உண்டு: 10 வாட் பெட்டி திருவிழாக் கூட்டத்திற்குப் போதாது. அன்று அதன் முன் ஒரு மைக் வைத்துக் கோவில் ஒலிபெருக்கியில் இணைக்கிறோம்.

மகளின் கட்டணம் உரிய நாளில் கட்டப்பட்டது. மகனுக்குப் பெரிய ஆம்ப்ளிஃபயர் ஆசை இன்னும் போகவில்லை. போக வேண்டுமென்று நாமும் சொல்லவில்லை. மாலையில் கடையில் பொத்தான் தைத்துக் கொடுத்து, அதற்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்து வருகிறான்.

பெற்றோரே, பிள்ளை ஒன்றைக் கேட்கும்போது 'இல்லை' என்பதற்கு முன், அவன் கையில் இருப்பதை அவனோடு அமர்ந்து ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பிளக்கை மட்டும் முதலில் பிடுங்கிவிடுங்கள்.