ஹவாய்த் தீவின் இசைக்கொடையும் உலகின் மறதியும்

"இசைக்கு நாடில்லை" என்று மேடைதோறும் கூறக் கேட்கின்றோம். கேட்பதற்கு இனிய மொழியே. இன்னிசை எந்நாட்டார் செவியையும் குளிர்விக்கும் என்னும் பொருளில் அஃது உண்மையுமாம். ஆயின், அவ்வினிய மொழியையே போர்வையாகக் கொண்டு, ஒருவர் பிறரிடம் பெற்ற செல்வத்தைத் தமதென்றே எண்ணிக் களிக்கும் வழக்கமும் உலகில் உண்டு. இசைக்கு நாடு உண்டு, ஊர் உண்டு, அதனை ஆக்கித் தந்தவர்க்குப் பெயரும் உண்டு. இதனை வலியுறுத்துதற்கு ஹவாய்த் தீவினரின் எஃகுக் கித்தார் தக்க சான்றாகும் என்பது என் துணிபு. அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்களில் ஏங்கி அழுவதுபோல் வழுக்கியொலிக்கும் அக்கருவியை முதலிற் கேட்டபொழுது, அஃது அந்நாட்டு வயல்வெளிகளிலேயே பிறந்ததென்று யானும் எண்ணியிருந்தேன். என் அறியாமையே இக்கட்டுரைக்குக் காரணம்.

கித்தார் ஹவாய்த் தீவுகளின் பழங்கருவி அன்று. 1830-ஆம் ஆண்டையடுத்து, அங்குப் பெருகிக் காடெங்கும் திரிந்த மாடுகளை அடக்கும்பொருட்டு வருவிக்கப்பட்ட மெக்சிகோ நாட்டுக் குதிரை ஆயர் அதனைக் கொணர்ந்தனர். தீவினர் அவ்வாயரைப் 'பனியோலோ' என்றழைத்தனர். ஸ்பானியரைக் குறிக்கும் 'எஸ்பஞோல்' என்னும் சொல்லின் திரிபு அது. கித்தார் என்ற பெயரையும் தம் நாவிற்கு இசையத் திரித்துக் 'கீக்கா' என்றனர். 1820 முதல் அங்கு உழைத்த கிறித்தவ ஊழியர் கற்பித்த ஞானப்பாட்டுகளின் இசைமுறையும் அவர்தம் பாடலிற் கலந்தது. ஆகவே ஹவாய் மக்களும் கடன்பெற்றவரே. ஆயினும், கடன் கொடுத்தவரின் பெயரைத் தம் மொழியிலேயே பொறித்து வைத்தனர். இதனை நண்பர்கள் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

எஃகுக் கித்தாரைத் தோற்றுவித்தவர் என்று பெரும்பாலோர் போற்றும் ஜோசப் கெக்குக்கு, 1874-இல் ஒவாஹுத் தீவைச் சார்ந்த லாயியே என்னும் ஊரிற் பிறந்தவர். 1889-ஆம் ஆண்டளவில், ஹொனலுலுவில் கமேஹமேஹா ஆண்கள் பள்ளியில் அவர் மாணவராயிருந்தார். ஒருநாள் கித்தாரை மீட்டிக்கொண்டு நடக்கையில், வழியிற் கிடந்த இரும்பாணி ஒன்றை எடுத்துத் தந்தியின்மேல் உராய்ந்தனர் என்றும், எழுந்த ஒலியின் இனிமையில் மயங்கிப் பள்ளித் தொழிற்கூடத்திலேயே அதற்கேற்ற எஃகுத் துண்டொன்றைக் கடைந்துகொண்டனர் என்றும் கூறுவர். அம்முறையில் கித்தாரை மடிமீது கிடத்தி, தந்திகளை மெட்டுகளிற் படாவண்ணம் உயர்த்தி, இடக்கையில் எஃகுத் துண்டைப் பிடித்துத் தந்திகளின்மேல் ஓட்டுவர். வலக்கை விரல்கள் மீட்டும். மெட்டுக்கு மெட்டுப் படியேறும் சுரங்கள் அதனால் நீரோட்டம்போல் ஒன்றிலொன்று வழிந்தோடுகின்றன. நம் இசையிற் கமகம் என்று வழங்கும் அசைவும் குழைவும், மெட்டுகளாற் கட்டுண்டிருந்த ஒரு கருவிக்கு ஒரு பள்ளிச் சிறுவனால் வாய்த்தன.

அச்சிறுவன் வளர்ந்த காலமோ அவன் நாட்டிற்கு இடுக்கண் மிகுந்த காலம். 1893-இல் அமெரிக்க வணிகரும் அவர்க்குத் துணைநின்ற படைவீரரும் அரசி லிலியுஓகலானியை அரியணையினின்றும் அகற்றினர். 1896-இல் இயற்றப்பட்ட சட்டம் ஆங்கிலத்தையே பள்ளிகளிற் பயிற்றுமொழியாக்கிற்று. ஹவாய் மொழி வகுப்பறைக்கு வெளியே நின்றது. 1898-இல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பெற்றன. அரசிழந்த அம்மக்களிற் பலர் கித்தாரோடு கப்பலேறினர். கெக்குக்கு 1904-இற் புறப்பட்டுப் பல நாடுகளிற் புகழ்பெற வாசித்து, 1932-இல் நியூஜெர்சியில் உயிர்நீத்தார்.

சென்றவிடமெல்லாம் அவ்விசை வென்றது. 1912-இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'பாரடைஸ் பறவை' என்னும் நாடகமும், 1915-இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் நிகழ்ந்த உலகப் பொருட்காட்சியும் அதனை மக்கள் திரளிடம் கொண்டுசேர்த்தன. ஹவாய் இசைத்தட்டுகள் அமெரிக்காவிற் பெருவாரியாக விற்பனையாயின. பிராங்க் பெரெரா, 1919-இற் கப்பலில் ஒளிந்து கரைசேர்ந்த சோல் ஹோஒப்பியி முதலியோர் இசைத்தட்டுகளால் வீடுதோறும் அறிமுகமாயினர். நாட்டுப்புற இசையின் தந்தை எனப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸ், 1929-இல் ஜோசப் கைப்போ என்னும் ஹவாய்க் கலைஞரைத் துணைக்கொண்டு பாடிப் பதிவு செய்தார். ஜாஸ் வேந்தர் லூயி ஆம்ஸ்ட்ராங்கு 1936-இல் ஆண்டி அயோனாவின் ஹவாய்க் குழுவோடு பாடினார். இவற்றினும் வியப்பானது ஒன்றுண்டு. வணிக முறையில் வெற்றிகண்ட முதல் மின்கித்தார், 1932-இல் ரிக்கன்பேக்கர் நிறுவனத்தார் விற்பனைக்குக் கொணர்ந்த, 'வாணலி' என்று செல்லப்பெயர் பெற்ற கருவியாம். அது நிமிர்த்திப் பிடித்து வாசிக்கும் கித்தார் அன்று; மடிமீது கிடத்தி வாசிக்கும் ஹவாய்க் கித்தாரே! பெருங்குழுக்களின் முழக்கத்திடையே ஹவாய் இசை அமிழ்ந்துபோகாதிருத்தற்கு மின்சாரத்தின் துணை நாடினர். அவ்வழியே பின்னாளில் உலகை ஆண்ட மின்கித்தார்கள் யாவும் வந்தன.

நடுநிலையோடு நோக்குங்கால் மறுப்புகளும் எழும். கறுப்பின மக்களின் புளூஸ் இசையில், கத்தியும் புட்டிக்கழுத்தும் கொண்டு தந்தியை உராயும் முறை உண்டு. மிசிசிப்பி நாட்டு டட்வைலர் இரயில் நிலையத்தில் 1903 அளவில் ஒருவர் அவ்வாறு வாசிக்கக் கேட்டதாக டபிள்யூ. சி. ஹேண்டி 1941-இல் வெளிவந்த தம் வரலாற்றில் எழுதியுள்ளார். ஆப்பிரிக்க மரபில் வந்த ஒற்றைத் தந்திக் கருவிகளும் அம்மக்களிடம் இருந்தன. ஆகவே அவர்தம் இசையின் குழைவு முழுவதையும் ஹவாய்க் கொடை எனச் சாதித்தல் முறையன்று. எனினும், ஹேண்டியே தாம் கேட்ட ஒலியை ஹவாய் முறையோடு ஒப்பிட்டார்; 1930-களிற் புகழ்பெற்ற கேஸி பில் வெல்டன் தம் இசைத்தட்டுகளில் 'ஹவாய்க் கித்தார் மாயவித்தகர்' என்றே விளம்பரம் செய்யப்பெற்றார். ஈராறுகள் கலந்தன என்பதே ஏற்புடைத்து.

இனி நம்மவர்க்கு உரிய ஒரு சோதனை. இந்தியாவிற் பிறந்து, கப்பல் தலைவன் ஒருவனால் ஹொனலுலுவிற் சேர்க்கப்பட்ட கேப்ரியேல் டேவியன் என்பார் கெக்குக்குவிற்கு முன்னரே இம்முறையில் வாசித்தார் என்னும் செய்தியும் வழங்குகின்றது. மெட்டுகளின்றி, மரத்துண்டைத் தந்திமேல் ஓட்டி வாசிக்கும் கோட்டுவாத்தியம் நம்மிடம் உண்டு. திருவிடைமருதூர் சகாராம ராவ் அதனைப் போற்றி வளர்த்தார். இவ்விரண்டையும் முடிச்சிட்டு, 'ஹவாய்க் கித்தாரும் நம் சொத்தே' என்று மார்தட்டும் ஆவல் எழுதல் இயல்பு. எனக்கும் எழுந்தது. ஆயின், ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்பதற்குச் சான்று எங்கே? சான்றில்லாப் பெருமையை நாம் சூடிக்கொள்வோமாயின், பிறர் பெருமையை மறைத்தாரைக் குறைகூற நமக்கு உரிமை ஏது?

மறைத்தமை எவ்வாறு எனின், வன்செயலால் அன்று. வெறும் பெயர் நீக்கத்தால். 'ஹவாய் எஃகுக் கித்தார்' என்று வழங்கிய கருவி, நாளடைவில் 'ஹவாய்' என்னும் அடைமொழியை இழந்து 'எஃகுக் கித்தார்' மட்டும் ஆயிற்று. கேட்போர் அதனை அமெரிக்க நாட்டுப்புறத்தின் தனிக்குரலாகவே கொண்டனர். ஒரு சொல் உதிர்ந்தது. அச்சொல்லோடு ஒரு மக்களும் நினைவினின்றும் உதிர்ந்தனர். மெக்சிகோ ஆயரின் பெயரைத் தம் சொல்லிற் காத்த மக்களுக்கு உலகம் செய்த கைம்மாறு இது!

அரசைக் கவிழ்த்தமைக்கு அமெரிக்கப் பேராயம் நூறாண்டு கழித்து, 1993-இல், தீர்மானத்தின் வாயிலாக மன்னிப்பு வேண்டிற்று. கெக்குக்குவின் பெயர் எஃகுக் கித்தார்ப் புகழவையிற் பொறிக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே. இரண்டும் காலந்தாழ்ந்தவை, ஆயினும் நல்லவை. இந்தியாவிலோ, குறிப்பாக வங்கத்தில், இக்கருவியை இன்றும் 'ஹவாயன் கித்தார்' என்றே அழைக்கின்றனர். 1940-களில் ஹவாய்க் கலைஞர் டாவ் மோ கல்கத்தாவில் தங்கி அதனைப் பயிற்றினார். ஆசிரியர் நாட்டின் பெயரை மாணாக்கர் கைவிடவில்லை. கோட்டுவாத்தியத்தின் வழி உரிமை கொண்டாடுவதினும், இஃது எனக்குப் பெருமையாகத் தோன்றுகின்றது.

மாணவ நண்பர்காள்! அரசிழந்து மொழியிடர்ப்பட்ட ஒரு சிறு தீவினர்க்கு நாம் அரசையோ மொழியையோ மீட்டுத்தர வல்லேம் அல்லேம். ஆயின் ஒரு சொல்லை மீட்டுத் தரலாம். வழுக்கியொலிக்கும் அத்தந்தியின் குரலை இனிக் கேட்குந்தோறும், 'இது ஹவாயின் குரல்' என்று அருகிருப்பார்க்குச் சொல்லுங்கள். பெற்றதைப் பெற்றோம் என்று கூறுதல் சிறுமையன்று. அதுவே கற்றவர்க்கு அழகு.