சரணாலயம் பறவைகளுக்கு மட்டுமா?

ஆங்கிலத்தில் 'சாங்சுவரி' என்றொரு சொல் உண்டு. 'தூய' எனப் பொருள்படும் 'சாங்துஸ்' என்னும் இலத்தீன் சொல்வழி வந்தது அது. இலத்தீன் திருப்பலி கண்ட மூத்தோருக்கு அச்சொல் அந்நியமன்று. முதலில் அது இறைவனுக்கென ஒதுக்கப்பட்ட தூய இடத்தையே குறித்தது. துரத்தப்பட்டவன் ஓடிவந்து பீடத்தைப் பற்றிக்கொண்டால் அவனை இழுத்துச் செல்லலாகாது என்ற மரபு வலுப்பெறவே, 'அடைக்கலம்' என்ற பொருளும் அதனோடு சேர்ந்தது. தூய்மையின் மடியில் பிறந்ததே அடைக்கலம்.

நாமோ இவ்விரண்டையும் பிரித்துவிட்டோம். "ஆலயம் செபிப்பதற்கு, அடைக்கலம் தருவது அரசின் வேலை" என்கிறோம். பளிங்குத் தரை அழுக்காகும், உண்டியல் களவு போகும் என்று காரணம் அடுக்குகிறோம். திருப்பலி முடிந்த அரைமணியில் இரும்புக் கதவைப் பூட்டுகிறோம். பூட்டுவோரில் பங்குக் குருக்களாகிய நாமும் அடக்கம்.

கி.பி. 399-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் நடந்ததை எண்ணிப் பார்ப்போம். ஆலயங்களின் அடைக்கல உரிமையைச் சட்டத்தால் குறுக்கியவர் யூத்ரோப்பியுஸ் என்னும் அமைச்சர். பதவி பறிபோனதும் அவரே உயிருக்கு அஞ்சிப் பீடத்திடம் ஓடிவந்தார். ஆயர் புனித யோவான் கிறிசோஸ்தோம் அவரை விரட்டினாரா? இல்லை. அவரைக் கடிந்துரைத்தார், அவருக்காக மக்களிடம் பரிந்தும் பேசினார். தகுதி பார்த்தே அடைக்கலம் தரவேண்டும் என்போருக்கு இதைவிட வேறு மறுமொழி வேண்டுமோ?

குற்றவாளிகளை ஒளித்துவைக்கச் சொல்கிறோமா? அன்று. திட்டமிட்டுக் கொலை செய்தவனைப் பீடத்திலிருந்தும் பிடித்துச் செல்லலாம் என விடுதலைப் பயண நூலே (21:14) கூறுகிறது. மழைக்கு ஒதுங்குபவருக்கும், அடிபட்டு நள்ளிரவில் ஓடிவரும் பெண்ணுக்கும் கதவு திறக்கட்டும் என்றே கேட்கிறோம்.

1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1179-ஆம் விதி, ஆலயங்களின் அடைக்கல உரிமையை வெளிப்படையாக அறிவித்தது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அவ்விதி இல்லை. விதி மறைந்தது உண்மை. ஆனால், அந்நியரை ஏற்றுக்கொண்டீர்களா எனக் கேட்கும் மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரம் மறைந்துவிடவில்லை.

'சாங்சுவரி' என்பதைத் தமிழில் 'சரணாலயம்' என்கிறோம். சரணும் ஆலயமும் ஒரே சொல்லில் கைகோத்து நிற்கின்றன. வேடந்தாங்கலில் பறவைகளுக்கு அதை மனமுவந்து தந்தோம். 'ஆலயம்' என்ற பாதியை நமக்கென வைத்துக்கொண்டு, 'சரண்' என்ற பாதியைப் பறவைகளுக்கு மட்டும் விட்டுவிட்டோமோ? இறைமக்களே, சாவி நம் கையில்தான் இருக்கிறது.